ஹாரி மில்லர்

ஹாரி ஆர்மினியஸ் மில்லர் (டிசம்பர் 9, 1875 – மே 3, 1943) ஓர் அமெரிக்கப் பந்தயத் தானுந்து வடிவமைப்பாளரும் எஞ்சின் உருவாக்குநரும் ஆவார். இவரது லாஸ் ஏஞ்சலஸ் பட்டறையில் உருவான எஞ்சின்களும் அவற்றின் வழிவந்த ஆஃபன்ஹவுசர் எஞ்சின்களும் 1922 முதல் 1976 வரை இண்டியானாபொலிஸ் 500 பந்தயத்தைப் பலமுறை வென்றன. முன் சக்கர இயக்கம், இரட்டை மேல்நிலை கேம் ஷாஃப்ட், மையவிலக்கு மீயூட்டி ஆகியவற்றை அமெரிக்கப் பந்தயத் தானுந்துகளில் நிலைபெறச் செய்தவர்களுள் இவர் முதன்மையானவர்.

மில்லரின் புகழ்பெற்ற எஞ்சின்கள் வெற்றிடத்தில் தோன்றியவை அல்ல. உடைந்த நிலையில் பட்டறைக்கு வந்த ஒரு பிரெஞ்சு எஞ்சினைப் பிரித்து, அளந்து, மீண்டும் செய்து ஓடவைத்த பணியே அவற்றுக்கு வித்தாக அமைந்தது. சுமார் 14 ஆண்டுகளுக்குப் பின் மில்லரின் எஞ்சின் ஒன்றும் பிரான்சில் அதே முறையில் பிரித்து ஆராயப்பட்டது.

இளமைக்காலம்

மில்லர் அமெரிக்காவின் விஸ்கொன்சின் மாநிலத்தில் உள்ள மெனாமனி என்னும் ஊரில் பிறந்தார். பொறியியற் கல்லூரி எதிலும் பயின்றவர் அல்லர். இளம் வயதிலேயே இயந்திரப் பட்டறை வேலையில் ஈடுபட்டுத் தொழிலைக் கையால் கற்றார். பின்னர் லாஸ் ஏஞ்சலஸ் நகரில் குடியேறி, எரிபொருளையும் காற்றையும் கலந்து தரும் கார்புரேட்டர்களைச் செய்யத் தொடங்கினார். பந்தய ஓட்டுநர்களிடையே அவை நற்பெயர் பெற்றன. கார்புரேட்டர் வாங்க வந்த ஓட்டுநர்கள், உடைந்த பிஸ்டனையும் சிலிண்டரையும் சரிசெய்து தரவும் கேட்டனர். இவ்வாறு பட்டறையின் வேலை விரிவடைந்தது. அலுமினியக் கலவைகளை வார்ப்பதில் மில்லருக்கு இருந்த தேர்ச்சி இதில் பெரிதும் உதவியது.

1913 இல் ஃபிரெட் ஆஃபன்ஹவுசர் என்னும் இளம் இயந்திரக் கலைஞர் பட்டறையில் சேர்ந்தார். 1919 இல் லியோ கூசன் என்னும் வரைவாளர் சேர்ந்தார். மில்லரின் வரலாற்றை இவ்விருவரையும் விலக்கி எழுத இயலாது. எண்ணத்தை முன்வைப்பவர் மில்லர், அதைக் கணக்கிட்டுத் தாளில் வரைபவர் கூசன், உலோகத்தில் செய்து முடிப்பவர் ஆஃபன்ஹவுசர் எனப் பணி பிரிந்திருந்தது.

பியூஜோ எஞ்சின்

1912 இல் பிரான்சின் பியூஜோ நிறுவனம் ஒரு புதுவகைப் பந்தய எஞ்சினைக் களமிறக்கியது. சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த எர்னஸ்ட் ஆன்ரி என்பவர், ஓட்டுநர்களான ஜார்ஜ் புவாயோ, ஜூல் கூ, பாவுலோ சுக்கரெல்லி ஆகியோருடன் சேர்ந்து இதை உருவாக்கினார். சிலிண்டர் ஒவ்வொன்றுக்கும் நான்கு வால்வுகள், அவற்றை இயக்க எஞ்சினின் தலைப்பகுதியிலேயே இரண்டு கேம் ஷாஃப்ட்கள் என்பது இதன் அமைப்பு. அதுகாறும் பேருருவ எஞ்சின்களே வெல்லும் என்றிருந்த நிலையை இது மாற்றியது. 7.6 லிட்டர் அளவுள்ள பியூஜோ 1912 ஆம் ஆண்டு பிரெஞ்சு கிராண்ட் பிரீ பந்தயத்தை வென்றது. அடுத்த ஆண்டு ஜூல் கூ இண்டியானாபொலிஸிலும் வென்றார்.

அமெரிக்க ஓட்டுநர் பாப் பர்மன் 1913 ஆம் ஆண்டு வகையைச் சேர்ந்த பியூஜோ ஒன்றை வைத்திருந்தார். முதல் உலகப் போர் தொடங்கிய பின்னர், 1914–15 பந்தயக் காலத்தில் அதன் எஞ்சின் உடைந்து சிதைந்தது. போரில் ஆழ்ந்திருந்த பிரான்சிலிருந்து உதிரிப் பாகம் பெற வழியில்லை. பர்மன் அதை மில்லரிடம் கொண்டுவந்தார். வேலை வெறும் பழுதுபார்ப்பாகவும் இருக்க முடியாது. 1915 முதல் இண்டியானாபொலிஸில் எஞ்சின் கொள்ளளவு 300 கன அங்குலத்துக்கு மிகலாகாது என்ற விதி வந்திருந்தது. பியூஜோவின் 5.6 லிட்டர் ஏறத்தாழ 345 கன அங்குலம். ஆகவே எஞ்சினைப் புதிய அளவுக்குச் சிறிதாக்கிச் செய்யவேண்டியிருந்தது. மில்லரும் ஆஃபன்ஹவுசரும் அதைச் செய்து முடித்தனர். 1915 மே மாதப் பந்தயத்தில் பர்மன் அதே தானுந்தில் ஆறாவதாக வந்தார்.

மறு ஆண்டு, 1916 ஏப்ரல் 8 அன்று, கலிபோர்னியாவின் கொரோனா நகரில் நடந்த தெருப் பந்தயத்தில் அந்தப் பியூஜோ தடம் விலகிக் கூட்டத்துள் பாய்ந்தது. பர்மனும் உடன் சென்ற இயந்திரப் பணியாளரும் பாதுகாப்புப் பணியில் நின்ற ஒருவரும் உயிரிழந்தனர். பர்மனின் நண்பரான ஓட்டுநர் பார்னி ஓல்டுஃபீல்டு, ஓட்டுநரை முற்றிலும் மூடிக் காக்கும் தானுந்து ஒன்றைச் செய்யுமாறு மில்லரைக் கேட்டார். 1917 இல் வெளிவந்த, முட்டை வடிவ உடலையுடைய தங்க நீர்மூழ்கி என்னும் தானுந்து அவ்வாறு பிறந்ததே.

அறியாத கேம் ஷாஃப்டை அளத்தல்

வரைபடமோ செய்தவரின் குறிப்போ இல்லாமல் ஓர் எஞ்சினை மீண்டும் செய்வதில் உள்ள இடர் இங்கு விளக்கத்தக்கது. சிலிண்டரின் விட்டத்தையும் பிஸ்டனின் ஓட்டத்தையும் எவரும் அளந்துவிடலாம். கேம் ஷாஃப்ட் அப்படிப்பட்டதன்று. வால்வு எப்போது திறக்கிறது, எவ்வளவு உயர்கிறது, எவ்வளவு நேரம் திறந்திருக்கிறது, எப்போது மூடுகிறது என எஞ்சினின் இயல்பையே முடிவு செய்யும் செய்திகள் அனைத்தும் அத்தண்டின் மேலுள்ள முட்டை வடிவ நெம்புருள்களின் வளைவில் அடங்கியுள்ளன. பார்வைக்கு ஒன்றுபோல் தோன்றும் இரண்டு தண்டுகளில் ஒன்று ஊர்தியை இதமாக ஓடவைக்கும், மற்றொன்று உயர் வேகத்தில் மட்டுமே உயிர் பெறும். எண் அழிந்த, எதற்குரியது என்று தெரியாத கேம் ஷாஃப்ட் ஒன்றைக் கையில் வைத்திருக்கும் எஞ்சின் பணியாளர் இன்றும் எதிர்கொள்ளும் சிக்கல் இதுவே. இன்று வழங்கும் முறை வருமாறு.

தண்டு தனியாகக் கையில் இருந்தால், இரண்டு வி பிளாக்குகளின் மேல் வைத்து முதலில் அது வளைந்துள்ளதா எனப் பார்க்கவேண்டும். பின்னர் மைக்ரோமீட்டரால் நெம்புருளின் முழு உயரத்தையும், அதன் வட்டமான அடிப்பகுதியின் விட்டத்தையும் அளந்து கழித்தால் நெம்புருளின் உயர்த்தம் கிடைக்கும். எடுத்துக்காட்டாக, உயரம் 38 மி.மீ., அடிவட்டத்தின் விட்டம் 30 மி.மீ. எனில் உயர்த்தம் 8 மி.மீ. ஆகும். இடையில் 1.5 மடங்கு பெருக்கும் நெம்புகை இருந்தால் வால்வு ஏறத்தாழ 12 மி.மீ. உயரும். நெம்புருள் நேராக வால்வின் மேல் அமர்ந்த கிண்ணத்தை அழுத்தினால் அதே 8 மி.மீ.தான். இரண்டிலும் வால்வுக்கு விடும் இடைவெளியைக் கழிக்கவேண்டும்.

காலக்கணக்கை அறிய எஞ்சினைச் சுழற்றியாகவேண்டும். கிராங்க் ஷாஃப்டின் முனையில் 360 பாகை குறித்த வட்டு ஒன்றைப் பொருத்தி, வால்வை உயர்த்தும் பாகத்தின் மேல் டயல் கேஜை நிறுத்துவர். முதலில் பிஸ்டனின் மேல் முடிவிடத்தைத் துல்லியமாகக் கண்டறியவேண்டும். பிஸ்டன் அங்கே சில பாகைகளுக்கு அசையாததுபோல் நிற்பதால் கண்ணால் பார்த்துக் குறிப்பது பிழையாகும். ஒரு தடையை வைத்து, எஞ்சினை இரு திசைகளிலும் பிஸ்டன் முட்டும்வரை திருப்பி, அவ்விரு பாகைகளின் நடுப்புள்ளியைக் கொள்வதே சரியான வழி. இந்த ஓரிடத்தில் தவறினால் பின்வரும் எண்கள் எல்லாம் தவறும்.

உள்ளிழு வால்வு மேல் முடிவிடத்துக்கு 10 பாகை முன் திறந்து, கீழ் முடிவிடத்துக்கு 50 பாகை பின் மூடுகிறது என்று கொள்வோம். திறந்திருக்கும் காலம் 10 + 180 + 50 = 240 பாகை. அதன் பாதி 120. அதில் 10 ஐக் கழிக்க, நெம்புருளின் நடு மேல் முடிவிடத்துக்கு 110 பாகை பின்னால் உள்ளது எனத் தெரியும். கேம் ஷாஃப்ட் கிராங்க் ஷாஃப்டின் பாதி வேகத்தில் சுழல்வதால், எந்தத் தண்டின் பாகை என்பதைக் குறிப்பில் எழுதிவைக்காதவர் பின்னர் குழப்பமடைவது உறுதி. வால்வு அசையத் தொடங்கும் கணத்தைத் துல்லியமாகக் காண்பது கடினம். அதனால் 0.050 அங்குலம், அதாவது 1.27 மி.மீ. உயர்ந்த நிலையிலிருந்து கணக்கிடும் வழக்கம் அமெரிக்கப் பட்டறைகளில் உண்டு. இரு கணக்குகளும் வெவ்வேறு எண்களைத் தரும். ஒன்றோடொன்று ஒப்பிடலாகாது.

தேய்மானம் அடுத்த சிக்கல். அளப்பது செய்தவர் கருதிய வடிவத்தை அன்று, பல நூறு மணி நேரம் உரசியபின் எஞ்சிய வடிவத்தை. நற்பேறாக, நான்கு சிலிண்டரும் 16 வால்வும் உள்ள பியூஜோ போன்ற எஞ்சினில் உள்ளிழு வால்வுகள் மட்டும் எட்டு. ஒரே வடிவில் இருக்கவேண்டிய அத்தனையையும் அளந்தால் எது தேய்ந்தது, எது மூல வடிவத்துக்கு அண்மையில் உள்ளது என்று தெரிந்துவிடும். மற்றொரு நுட்பமும் உண்டு. ஒரே தண்டில் உள்ளிழு, வெளியேற்று நெம்புருள்கள் இரண்டும் இருந்தால் அவற்றின் இடைக்கோணம் தண்டிலேயே செதுக்கப்பட்டிருக்கும். இரட்டைக் கேம் ஷாஃப்ட் எஞ்சினில் அக்கோணம் எந்தத் தண்டிலும் இல்லை. இரண்டையும் இணைக்கும் பற்சக்கரங்களின் பொருத்தத்தில்தான் அது உள்ளது. குறியிடாமல் பற்சக்கரங்களைக் கழற்றியவுடன் அச்செய்தி மறைந்துவிடும். உலோகம் எது, எவ்வாறு கடினமாக்கப்பட்டது, ஏன் இந்த வளைவு தேர்ந்தெடுக்கப்பட்டது என்பனவற்றை மைக்ரோமீட்டர் சொல்லாது.

அக்காலத்தில் போட்டியாளரின் எஞ்சினை இவ்வாறு படித்தவர் மில்லர் மட்டும் அல்லர். போர் தொடங்கியபோது லண்டனில் நின்றிருந்த 1914 ஆம் ஆண்டு மெர்சிடிஸ் பந்தயத் தானுந்து, டார்பியில் உள்ள ரோல்ஸ் ராய்ஸ் தொழிலகத்துக்குக் கொண்டுசெல்லப்பட்டுப் பிரித்து ஆராயப்பட்டது. 1916 பந்தயத்துக்காக இண்டியானாபொலிஸ் ஓடுதள உரிமையாளர்கள் பியூஜோவைப் பார்த்து மூன்று தானுந்துகளை பிரீமியர் என்னும் உள்ளூர் நிறுவனத்திடம் செய்வித்தனர். அவை படிகளாகவே நின்றுவிட்டன. மில்லரின் பட்டறை படியெடுத்தலோடு நிற்கவில்லை.

எட்டு சிலிண்டர் எஞ்சின்கள்

1920 இல் இண்டியானாபொலிஸ் கொள்ளளவு வரம்பு 183 கன அங்குலமாக, அதாவது 3 லிட்டராகக் குறைந்தது. மில்லரும் கூசனும் பியூஜோவின் இரட்டைக் கேம் ஷாஃப்ட் அமைப்பை வரிசையாக எட்டு சிலிண்டர்கள் கொண்ட எஞ்சினில் பொருத்தினர். ஓட்டுநர் ஜிம்மி மர்ஃபி, 1921 இல் பிரெஞ்சு கிராண்ட் பிரீ பந்தயத்தைத் தமக்கு வென்று தந்த டூசன்பெர்க் தானுந்தில் மில்லர் எஞ்சினைப் பொருத்தி 1922 இல் இண்டியானாபொலிஸில் வென்றார். மில்லர் எஞ்சினுக்கு அங்கு அது முதல் வெற்றி. அடுத்த ஆண்டு டாமி மில்டன் வென்றார்.

வரம்பு 1923 இல் 122 கன அங்குலமாகவும் 1926 இல் 91.5 கன அங்குலமாகவும் மேலும் சுருங்கியது. விதி சுருங்கச் சுருங்க மில்லரின் கைத்திறன் கூடியது எனலாம். 1926 இல் வெளிவந்த 1.5 லிட்டர் எஞ்சின் இவரது தலைசிறந்த படைப்பாகக் கருதப்படுகிறது. உள்ளங்கைக்குள் அடங்கும் 2 3/16 அங்குல விட்டமுடைய எட்டுச் சிறு சிலிண்டர்களைக் கொண்ட இவ்வெஞ்சின், மீயூட்டியின் துணையுடன் தொடக்கத்தில் 150 குதிரைத்திறனுக்குச் சற்று மேல் தந்தது. சில ஆண்டுகளுள் 200 ஐயும் கடந்தது. ஓட்டுநர் ஃபிராங்க் லாக்கார்ட் மீயூட்டியிலிருந்து வரும் சூடான காற்றைக் குளிர்விக்கும் அமைப்பைச் சேர்த்து, 1927 இல் கலிபோர்னியாவின் மியூராக் உலர் ஏரியில் சராசரி மணிக்கு 164 மைல் (264 கி.மீ.) வேகத்தைத் தொட்டார். 1.5 லிட்டர் எஞ்சினுக்கு இது வியப்புக்குரிய வேகம்.

மர்ஃபியின் விருப்பத்தின்பேரில் முன் சக்கர இயக்கம் கொண்ட தானுந்து ஒன்றையும் மில்லர் உருவாக்கினார். அது முடிவடையும் முன்பே, 1924 செப்டம்பரில், மர்ஃபி பந்தயமொன்றில் உயிரிழந்தார். 1925 இண்டியானாபொலிஸில் அவ்வகைத் தானுந்து இரண்டாமிடம் பெற்றது. இதற்கான மில்லரின் காப்புரிமைகளைப் பயன்படுத்தியே 1929 இல் கார்டு எல்-29 என்னும் விற்பனைத் தானுந்து வெளிவந்தது.

மில்லர் பட்டறையின் வேலைப்பாடு தனித்தன்மையுடையது. வெளியே தெரியாத பாகங்களும் மெருகேற்றப்பட்டன. ஒரு நகைக்கடையின் நேர்த்தியைப் பந்தயத் தானுந்தில் கொண்டுவந்தார் என்று வரலாற்றாளர்கள் கருதுவர். இதன் விலையும் நகைக்கடை விலையாகவே இருந்தது. பின் சக்கர இயக்கத் தானுந்து 10,000 டாலருக்கும் முன் சக்கர இயக்கத் தானுந்து 15,000 டாலருக்கும் விற்கப்பட்டன. ஆயினும் மில்லரிடம் பணம் தங்கவில்லை.

புகாட்டியின் கையில்

ஓட்டுநர் லியோன் டூரே, 1928 இல் முன் சக்கர இயக்க மில்லரில் இண்டியானாபொலிஸ் சுற்று ஒன்றை மணிக்கு 124.018 மைல் வேகத்தில் ஓட்டினார். இச்சாதனை 1937 வரை முறியடிக்கப்படவில்லை. 1929 இல் அவர் இரண்டு மில்லர் தானுந்துகளை ஐரோப்பாவுக்குக் கொண்டுசென்று இத்தாலியின் மொன்சா ஓடுதளத்தில் போட்டியிட்டார். மிகுந்த வேகத்தைக் காட்டியபின் இரண்டும் பழுதடைந்து விலகின. ஆனால் அவ்வேகத்தைக் கண்ட எட்டோரே புகாட்டி, தம் டைப் 43 தானுந்துகள் மூன்றைக் கொடுத்து இரு மில்லர்களையும் மாற்றாகப் பெற்றார்.

அதுவரை புகாட்டி தம் எஞ்சின்களில் ஒற்றைக் கேம் ஷாஃப்டையே பயன்படுத்தி வந்தவர். மொல்ஷெய்ம் நகரில் உள்ள அவரது தொழிலகத்தில் மில்லர் எஞ்சின் பிரித்து ஆராயப்பட்டது. தொடர்ந்து 1930 இல் வந்த டைப் 50, 1931 இல் வந்த டைப் 51 ஆகியவை இரட்டைக் கேம் ஷாஃப்ட்களுடன் வெளிவந்தன. அவற்றின் சிலிண்டர் தலை அமைப்பு மில்லரைப் பின்பற்றியது. பிரான்சில் தோன்றிய ஓர் அமைப்பு கலிபோர்னியா சென்று உருமாறிப் பிரான்சுக்கே திரும்பியது. இருமுறையும் அது வரைபடமாகப் பயணம் செய்யவில்லை, இரும்பாகவே பயணம் செய்தது. பியூஜோவைப் பார்த்துச் செய்தவர் என்று மில்லரைக் குறைத்து மதிப்பிடுவோர், புகாட்டியைப் பற்றியும் அதையே சொல்லவேண்டியிருக்கும்.

வீழ்ச்சி

மில்லர் 1929 இல் தம் நிறுவனத்தை விற்றார். வாங்கிய நிறுவனம் பொருளாதாரப் பெருமந்தத்தில் நிலைக்கவில்லை. மீண்டும் பட்டறை தொடங்கிய மில்லர் 1933 இல் நொடிப்பு நிலையை அடைந்தார். ஆஃபன்ஹவுசர் வார்ப்பு அச்சுகளையும் கருவிகளையும் பெற்று, படகுகளுக்காக வடிவமைக்கப்பட்ட மில்லர் எஞ்சின் ஒன்றிலிருந்து வளர்ந்த நான்கு சிலிண்டர் எஞ்சினைத் தொடர்ந்து செய்தார். 1935 இல் கெல்லி பெட்டிலோ அவ்வெஞ்சினால் வென்றபோது அது ஆஃபன்ஹவுசர் என்னும் பெயரைத் தாங்கியிருந்தது.

அதே 1935 இல் பிரெஸ்டன் டக்கர் என்பவருடன் சேர்ந்து ஃபோர்டு நிறுவனத்துக்காகப் பத்துப் பந்தயத் தானுந்துகளைக் குறுகிய காலத்தில் செய்ய மில்லர் ஒப்புக்கொண்டார். சோதித்துப் பார்க்க நேரம் இருக்கவில்லை. நான்கு மட்டுமே பந்தயத்துக்குத் தகுதி பெற்றன. திசைமாற்றிப் பெட்டி புகைபோக்கிக் குழாயை ஒட்டி அமைந்திருந்ததால் வெப்பத்தில் இறுகி, நான்கும் இடையிலேயே விலகின. பட்டறையில் இரண்டு நாள் ஓடவிட்டுப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கக்கூடிய குறை இது. பின்னர் கல்ஃப் எண்ணெய் நிறுவனத்துக்காக, எஞ்சின் ஓட்டுநருக்குப் பின்னால் அமைந்த நான்கு சக்கர இயக்கத் தானுந்துகளை உருவாக்கினார். 1939 இல் ஜார்ஜ் பெய்லி ஓட்டிய அவற்றுள் ஒன்று, இண்டியானாபொலிஸில் தகுதி பெற்ற முதல் பின் எஞ்சின் தானுந்து ஆனது. மறு ஆண்டுப் பயிற்சியின்போது பெய்லி அவ்வகைத் தானுந்திலேயே உயிரிழந்தார்.

மில்லர் இறுதிக் காலத்தை டெட்ராய்ட் நகரில் வறுமையில் கழித்து, 1943 மே 3 அன்று 67 ஆம் வயதில் காலமானார்.

மறைவுக்குப் பின்

1946 இல் ஆஃபன்ஹவுசர் தம் தொழிலை லூயி மேயர், டேல் டிரேக் ஆகியோருக்கு விற்றார். கூசன் 1974 இல் இறக்கும்வரை இவ்வெஞ்சின் மரபுடன் தொடர்பில் இருந்தார். 1947 முதல் 1964 வரை இண்டியானாபொலிஸில் ஆண்டுதோறும் ஆஃபன்ஹவுசர் எஞ்சினே வென்றது. அதன் கடைசி வெற்றியை 1976 இல் ஜானி ரூதர்ஃபோர்டு பெற்றார்.

புகாட்டியிடம் சென்ற இரு மில்லர்களும் பல ஆண்டுகள் மொல்ஷெய்ம் தொழிலகத்தில் கேட்பாரற்றுக் கிடந்தன. 1950களில் அமெரிக்க வரலாற்றாளர் கிரிஃபித் போர்கசன் அவற்றைக் கண்டறிந்து வாங்கினார். அவற்றுள் ஒன்று பின்னர் வாஷிங்டனில் உள்ள தேசிய அமெரிக்க வரலாற்று அருங்காட்சியகத்தைச் சென்றடைந்தது.